படிக்கும் ஏடு போதாது. இயங்கும் ஏடு வேண்டும்!



சாலையில் ஓடும் பஸ்ஸின் சக்கரம் பஞ்சர் ஆகிவிட்டால் என்ன செய்வார்கள்? ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்துவார். பயணிகள் இறங்கி மர நிழலில் நிற்பார்கள். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, வேறு சக்கரத்தை மாட்டிய பின் வண்டி மறுபடியும் புறப்படும்.

இப்போது வேறொரு பஸ்ஸைக் கற்பனை செய்து பாருங்கள். அதை நிறுத்தவே கூடாது. நள்ளிரவிலும் ஓட வேண்டும். தீபாவளியன்றும் ஓட வேண்டும். உள்ளே இருப்பவர்கள் ஐம்பது பேர் அல்லர். பல கோடிப் பேர். சக்கரம் கெட்டால் ஓடும்போதே மாற்ற வேண்டும். எஞ்சினைக்கூட ஓடும்போதே மாற்ற வேண்டும்!

இப்படியும் ஒரு வண்டி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. கடையில் செல்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துகிறோமே, அந்தச் சேவை இத்தகைய வண்டிதான். மருத்துவமனையில் நோயாளியின் பரிசோதனை முடிவுகளை மருத்துவரின் மேசைக்குக் கொண்டுவரும் கணிப்பொறிச் சேவையும் அப்படிப்பட்டதே. இவற்றின் பின்னால் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் இரவு பகலாக உழைக்கின்றன. பிறருக்குச் சேவை தருவதற்காகவே இயங்கும் இக்கணிப்பொறிகளைச் சர்வர்கள் என்கிறோம்.

சர்வர்கள் கெடும். நிரல்கள் மக்கர் செய்யும். அப்போது ஓடிவந்து சரிசெய்பவர்கள் மென்பொருள் இயக்கக் குழுவினர். சென்னையிலும் பெங்களூரிலும் கோவையிலும் இப்பணியில் பலர் இருக்கிறார்கள். இரவு முறைப்பணியில் இருக்கும் ஓர் அண்ணனோ அக்காளோ உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும்.

அவர்கள் கையில் இருக்க வேண்டிய ஓர் ஏட்டைப் பற்றியே இங்கே பேசப்போகிறேன். தொழிலில் அதை 'ரன்புக்' என்பார்கள். நாம் 'செய்முறை ஏடு' என்று சொல்வோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பதற்கு மட்டும் உள்ள செய்முறை ஏடு, நாளடைவில் பொய் சொல்லத் தொடங்கும். ஆகவே ஏடு தானே இயங்க வேண்டும். ஆனால் ஆபத்தான இடத்தில் நின்று, மனிதரைக் கேட்காமல் ஓடும் ஏடு, இல்லாத ஏட்டைவிட மோசமானது.

செய்முறை ஏடு என்பது என்ன?

மேல்நிலை வகுப்பு மாணவர்கள் வேதியியல் ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பெயர் தெரியாத ஓர் உப்பைக் கொடுத்து, அது என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். மாணவர் ஊகித்துச் சொல்வதில்லை. வரிசையான முறை ஒன்று உண்டு. இன்ன சோதனையைச் செய். இன்னது தெரிந்தால் இன்னது இருக்கிறது. தெரியாவிட்டால் அடுத்த சோதனைக்குப் போ. சோதனை, காண்பது, அறிவது என்று ஏடு மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கும்.

செய்முறை ஏடும் இதைப் போன்றதே. 'இன்ன எச்சரிக்கை மணி அடித்தால், முதலில் இதைப் பார்; எண் இதற்கு மேல் இருந்தால் இதைச் செய்; இல்லாவிட்டால் இன்னாரைக் கூப்பிடு' என்று வரிசையாக எழுதியிருக்கும்.

இத்தகைய ஏடு ஏன் வேண்டும்? திறமைசாலிக்கு எல்லாம் மனப்பாடமாக இருக்காதா? இக்கேள்விக்கு வானூர்தித் துறை 1935-ஆம் ஆண்டிலேயே விடை கண்டது. அமெரிக்காவின் ரைட் களத்தில், அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று, போயிங் நிறுவனத்தின் மாடல் 299 என்ற புதிய விமானம் எழும்பியவுடனே விழுந்து எரிந்தது. ஓட்டியவர்கள் தேர்ந்த விமானிகள். விமானம் தரையில் நிற்கும்போது காற்றில் அசையாதபடி அதன் சுக்கான்களைப் பூட்டி வைப்பார்கள். அந்தப் பூட்டை விடுவிக்க மறந்துவிட்டதே விபத்துக்குக் காரணம். அதன் பிறகுதான் புறப்படும் முன் ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. மறதிக்குத் திறமைசாலி, திறமையற்றவர் என்ற பேதம் இல்லை. அதிலும் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவருக்கு நினைவாற்றல் எவ்வளவு இருக்கும்?

கூகிள் நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்கள் பணிமுறை பற்றி 2016-இல் ஒரு நூல் வெளியிட்டனர். அப்போதைக்கு ஏதோ தோன்றியபடி செய்வதைவிட, முன்னரே எழுதி வைத்த ஏட்டின்படி செய்தால் பழுது சுமார் மூன்று மடங்கு விரைவாகச் சரியாகிறது என்று அதில் குறிப்பிட்டுள்ளனர். ஏடு வேண்டும் என்பதில் ஐயமில்லை. எத்தகைய ஏடு என்பதுதான் கேள்வி.

ஏடும் இருந்தது, ஆளும் இருந்தார்!

2017 பிப்ரவரி 28. அமேசான் நிறுவனத்துக்கு 'எஸ்-3' என்று ஒரு சேவை உண்டு. மற்ற நிறுவனங்களின் கோப்புகளைச் சேமித்து, கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் மாபெரும் கிடங்கு அது. அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் உள்ள கிடங்கில், கட்டணம் கணக்கிடும் பகுதி மெதுவாக வேலை செய்தது. அதைச் சரிசெய்ய, சில சர்வர்களை மட்டும் விலக்க வேண்டியிருந்தது. அதற்கு உரிமை பெற்ற பணியாளர் ஒருவர், வழக்கமான செய்முறை ஏட்டைப் பின்பற்றியே கட்டளையைத் தட்டினார். பசிபிக் நேரப்படி காலை மணி 9.37. கட்டளையில் கொடுக்க வேண்டிய விவரம் ஒன்று தவறாகப் பதிந்துவிட்டது.

சில சர்வர்கள் விலகுவதற்குப் பதிலாக மிகப் பல விலகின. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைப் பகுதியும், புதிய கோப்புக்கு இடம் ஒதுக்கும் பகுதியும் செயலிழந்தன. நூல்நிலையத்தில் புத்தகங்கள் அத்தனையும் அலமாரியில் பத்திரமாக இருக்க, அட்டவணை மட்டும் தொலைந்துவிட்டது போன்ற நிலை! அந்தப் பகுதிகளை முழுவதுமாக நிறுத்தி மீண்டும் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் கிடங்கு மிகப் பெரிதாக வளர்ந்துவிட்டது. ஆகவே தொடங்குவதற்கு எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் பிடித்தது. பிற்பகல் 1.54-க்குத்தான் எல்லாம் சீரடைந்தன. அதுவரை அக்கிடங்கை நம்பியிருந்த எண்ணற்ற இணையத்தளங்கள் தடுமாறின.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏடு இருந்தது. அதைப் பின்பற்றவும் செய்தார்கள். பிறகு ஏன் விபத்து? ஏட்டுக்கும் எந்திரத்துக்கும் இடையில் ஓர் இடைவெளி இருந்தது. கண்ணால் படித்து, மனத்தில் வாங்கி, விரலால் தட்டும் இடைவெளி அது. எழுத்துப் பிழை புகுவது அங்கேதான்.

பின்னர் அமேசான் என்ன செய்தது? கட்டளையை நிறைவேற்றும் கருவியைத் திருத்தியது. சர்வர்களை மெதுவாகவே விலக்க வேண்டும் என்றும், குறைந்தபட்சத் தேவைக்குக் கீழே போகும்படி எவர் கேட்டாலும் மறுத்துவிட வேண்டும் என்றும் அதற்குக் கற்பித்தது. 'இனிமேல் கவனமாக இருங்கள்' என்று சுவரில் எழுதி ஒட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்! கவனம் என்பது களைப்படையும் பொருள். கருவிக்குக் களைப்பு இல்லை.

'நீ யார்?' என்று கேட்காத கட்டளை

அதே ஆண்டு, அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜனவரி 31 அன்று நடந்ததையும் கேளுங்கள். நிரல் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளங்களில் கிட்லாப் என்பது ஒன்று. அதன் தகவல்கள் ஒரு முதன்மைச் சர்வரில் இருந்தன. அதன் நகலைத் துணைச் சர்வர் ஒன்று வைத்துக்கொண்டிருந்தது. இரவு நேரத்தில் இரண்டுக்கும் இடையே இருந்த தொடர்பு பழுதாகிவிட்டது. அதைச் சரிசெய்யத் துணைச் சர்வரில் உள்ளதை அழித்துவிட்டு, மீண்டும் நகல் எடுக்க எண்ணினார் ஒரு பொறியாளர். அழிக்கும் கட்டளையைத் தட்டினார். ஓரிரு நொடிகளில் திடுக்கிட்டு நிறுத்தினார். அவர் தட்டியது துணைச் சர்வரில் அன்று, முதன்மைச் சர்வரில்! சுமார் 300 கிகாபைட் தகவலில் எஞ்சியது ஏறத்தாழ 4.5 கிகாபைட் மட்டுமே.

காப்பு நகல்கள் இருக்குமே என்பீர்கள். நாள்தோறும் நகல் எடுக்கும் நிரல், பொருந்தாத பழைய பதிப்பைப் பயன்படுத்தியதால் வேலை செய்யவே இல்லை. அது தோல்வியடைந்ததைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காகக் கையால் எடுத்திருந்த நகல் ஒன்றே கைகொடுத்தது. அதற்குப் பின் பதிவான தகவல்கள் போயே போய்விட்டன. தளம் மீண்டும் இயங்க ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று. இத்தனைக்கும் அந்நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி உலகுக்கு எழுதிக் காட்டியது. அதனால்தான் நாம் இன்று அதிலிருந்து பாடம் கற்க முடிகிறது.

சிந்தித்துப் பாருங்கள். அழிக்கும் கட்டளை ஓர் ஏட்டின் பகுதியாக இருந்து, அந்த ஏடு இயங்குவதற்கு முன் அந்தச் சர்வரைப் பார்த்து 'நீ முதன்மையா, துணையா?' என்று கேட்டிருந்தால்? 'முதன்மை' என்ற விடை வந்தவுடன் கதவை மூடியிருக்கும். காப்பு நகல் எடுக்கும் படியில் 'நகல் எடுத்தாயா? அதன் அளவு என்ன? திறந்து காட்டு' என்ற சோதனை இருந்திருந்தால்? தோல்வி முதல் நாளே தெரிந்திருக்கும். காகிதத்தால் இக்கேள்விகளைக் கேட்க முடியாது. இயங்கும் ஏட்டால் முடியும்.

இயங்கும் ஏடு எப்படி இருக்கும்?

விளக்கமும் கட்டளையும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. புகழ்பெற்ற கணிப்பொறி அறிஞர் டொனால்ட் நூத் 1984-இல் ஒரு கட்டுரையில் இதை வற்புறுத்தினார். நிரல் என்பது எந்திரத்துக்கு மட்டும் எழுதப்படுவதன்று. மனிதர் படித்துப் புரிந்துகொள்ள எழுதப்படுவது என்பது அவர் கருத்து. பின்னாளில் விஞ்ஞானிகளிடையே ஜூபிட்டர் என்ற மென்பொருள் பரவியது. அதில் ஒரு பத்தி விளக்கம், அதன் கீழே ஒரு கணக்கு, அதன் கீழே விடை என்று ஏடு நீளும். அழுத்தினால் அந்த இடத்திலேயே கணக்கு நடக்கும். ஈர்ப்பலைகளைக் கண்டறிந்ததாக 2016-இல் அறிவித்த லைகோ குழுவினர், தங்கள் அளவீடுகளைப் பிறரும் ஆராய்ந்து பார்க்கும்படி இத்தகைய ஏடுகளையும் வெளியிட்டனர்.

இதே எண்ணத்தைப் பழுது நீக்கும் பணிக்குக் கொண்டுவருவதுதான் இயங்கும் செய்முறை ஏடு. ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

இயக்கக் குழுவினருக்கு மிகவும் பழக்கமான பழுது, 'வட்டு நிரம்பிவிட்டது' என்பதாகும். ஒவ்வொரு நிரலும் தான் செய்வதையெல்லாம் நாட்குறிப்புப் போல ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். இதைப் பதிவுக் கோப்பு என்போம். கவனிக்காமல் விட்டால் அது வளர்ந்து வட்டு முழுவதையும் நிரப்பிவிடும். பிறகு எந்த நிரலாலும் ஒரு எழுத்துக்கூட எழுத முடியாது. சேவை நின்றுவிடும்.

காகித ஏட்டில், 'பழைய பதிவுக் கோப்புகளை அழிக்கவும்' என்று ஒரே வரி இருக்கும். இயங்கும் ஏட்டில் அதே படி நான்கு பகுதிகளாக இருக்கும்:

ஏன்: வட்டில் இடமில்லாவிட்டால் சேவை நின்றுவிடும். பழைய பதிவுகள் சேவைக்குத் தேவையில்லை. அவற்றின் நகல் வேறிடத்தில் உள்ளது.

முன்சோதனை: இது எந்தச் சர்வர்? வட்டு உண்மையிலேயே 90 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பியுள்ளதா? நிரப்பியது பதிவுக் கோப்புதானா, வேறு ஏதாவதா? நகல் வேறிடத்தில் இருக்கிறதா?

கட்டளை: ஏழு நாளுக்கு முந்தைய பதிவுக் கோப்புகளின் பட்டியலைக் காட்டு. மனிதர் 'சரி' என்ற பிறகு அழி.

பின்சோதனை: இடம் கிடைத்ததா? சேவை பதில் சொல்கிறதா?

கடைசிப் பகுதி எதற்கு, அழித்தால் இடம் கிடைக்கத்தானே செய்யும் என்று தோன்றும். அங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லினக்ஸ், யூனிக்ஸ் போன்ற அமைப்புகளில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நீங்கள் அழித்தால், அதன் பெயர் மட்டுமே பட்டியலிலிருந்து மறையும். அந்த நிரல் கோப்பை மூடும்வரை வட்டில் இடம் திரும்பக் கிடைக்காது! இதை அறியாதவர் 'அழித்துவிட்டேன்' என்று நிம்மதியாகத் தூங்கப் போவார். ஒரு மணி நேரத்தில் மணி மறுபடியும் அடிக்கும். பின்சோதனை உள்ள ஏடு அவரைத் தூங்கப் போக விடாது.

உப்புப் பகுப்பாய்வில் 'சோதனை'க்குப் பக்கத்தில் 'காண்பது' என்ற கட்டம் இருப்பதும் இதற்காகத்தானே? செய்தால் மட்டும் போதாது. செய்ததன் விளைவைப் பார்க்க வேண்டும்.

மாடிப்படி விளக்கும் லிஃப்ட் பொத்தானும்

இயங்கும் ஏடு எழுதுகிறவர் அறிய வேண்டிய கருத்து இன்னொன்று உண்டு. மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்சும் மேலே ஒரு சுவிட்சும் இருக்கும். எதைத் தட்டினாலும் விளக்கின் நிலை மாறும். 'சுவிட்சைத் தட்டு' என்பது கட்டளையானால், ஒரு முறை தட்டினால் விளக்கு எரியும். இரண்டாம் முறை தட்டினால் அணைந்துவிடும். லிஃப்டின் பொத்தான் அப்படியன்று. மூன்றாம் மாடிக்கான பொத்தானைப் பொறுமையிழந்து பத்து முறை அழுத்தினாலும் லிஃப்ட் மூன்றாம் மாடிக்குத்தான் போகும்.

ஏட்டின் கட்டளைகள் லிஃப்ட் பொத்தானைப் போல இருக்க வேண்டும். 'இன்னும் ஒரு சர்வரைச் சேர்' என்பது மாடிப்படிச் சுவிட்சு வகை. 'மொத்தம் ஐந்து சர்வர்கள் இருக்கும்படி செய்' என்பது லிஃப்ட் பொத்தான் வகை. பழுது நேரத்தில் பாதியில் மின்சாரம் போகும், தொடர்பு அறும், ஒரே ஏட்டை இருவர் தெரியாமல் இயக்குவர். மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினாலும் கெடுதல் நேராத ஏடுதான் அப்போது காப்பாற்றும்.

எல்லாம் தானாகவே நடக்கட்டுமே!

உங்களில் சிலர் இப்போது ஒரு கேள்வி கேட்பீர்கள். 'இவ்வளவும் எந்திரம் செய்யுமானால் மனிதர் எதற்கு? எல்லாவற்றையும் அதனிடமே விட்டுவிட்டால் என்ன?'

நல்ல கேள்வி. சின்ன வேலைகளில் அப்படியே விடலாம். ஆனால் எந்திரம் சரியானதை விரைவாகச் செய்வது போலவே, தவறானதையும் விரைவாகச் செய்யும் என்பதை மறக்கக் கூடாது.

2012 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் நடந்ததைப் பாருங்கள். நைட் கேப்பிட்டல் என்ற நிறுவனம் தன் எட்டுச் சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றினார்கள், ஒன்றில் விட்டுப்போயிற்று. வேறொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதி வைத்த விதி இல்லை. சந்தை திறந்ததும், அந்த எட்டாவது சர்வரில் உறங்கிக் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, கேட்பாரற்றுப் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. பதறிய குழுவினர், புதிய நிரலால்தான் தொல்லை என்று எண்ணி, நன்றாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினர். நிலைமை மேலும் மோசமாயிற்று! சுமார் 45 நிமிடத்தில் ஏற்பட்ட நட்டம் 46 கோடி டாலருக்கு மேல். சந்தை திறப்பதற்கு முன்பே பிழையைச் சுட்டும் 97 மின்னஞ்சல்களை அவர்களுடைய அமைப்பே அனுப்பியிருந்தது. அவற்றைக் கண்டால் என்ன செய்வது என்று சொல்ல ஏடு இல்லை.

இங்கே இரண்டு பாடங்கள் உள்ளன. எட்டுச் சர்வர்களிலும் நிரல் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது எந்திரத்தின் வேலை. மனிதக் கண்ணுக்கு அது சலிப்பூட்டும். ஆனால் 'நிறுத்து, என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. வியாபாரத்தையே மூடு' என்று முடிவெடுப்பது மனிதரின் வேலை. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுத்தால் இரண்டும் கெடும்.

லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற ஆங்கில அறிஞர் 1983-லேயே தொழிற்சாலைகளை ஆராய்ந்து ஒரு முரணைச் சுட்டிக்காட்டினார். எளிதான வேலைகளையெல்லாம் எந்திரம் எடுத்துக்கொண்டால், மனிதருக்கு எஞ்சுவது மிகக் கடினமான வேலை மட்டுமே. அன்றாடப் பழக்கமும் போய்விடுவதால், அந்தக் கடினமான நேரத்தில் அவர் தேர்ச்சியற்றவராக நிற்பார். இதனால்தான் ஏட்டில் 'ஏன்' என்ற பகுதியை நீக்கக் கூடாது என்கிறேன். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அவர் அதைப் படிக்கிறார்; நின்று 'சரி' சொல்கிறார்; அதனால் அமைப்பின் போக்கு அவர் மனத்தில் பதிகிறது. ஏடு அவருக்கு வேலைக்காரனாகவும் இருக்கிறது, ஆசிரியராகவும் இருக்கிறது.

எப்படித் தொடங்குவது?

ஒரே நாளில் எல்லாவற்றையும் எந்திரமயமாக்க முயல்வது வீண். படிப்படியாகச் செல்வதே அறிவுடைமை.

1. அடிக்கடி வரும் பழுது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டுக்கொரு முறை வரும் பெரும் விபத்தை அல்ல, வாரந்தோறும் வரும் சிறு தொல்லையை.

2. அதைச் சரிசெய்யும் முறையைச் சாதாரண மொழியில் எழுதுங்கள். எழுதியவர் அல்லாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கெல்லாம் தயங்குகிறாரோ அங்கெல்லாம் ஏட்டில் ஓட்டை இருக்கிறது.

3. அடுத்து, எதையும் செய்யாத ஒரு நிரல் எழுதுங்கள்! அது முதல் படியைத் திரையில் காட்டும். நீங்கள் செய்து முடித்து விசையைத் தட்டும்வரை காத்திருக்கும். பிறகு அடுத்த படியைக் காட்டும். இதற்கே பெரும் பயன் உண்டு. எந்தப் படியும் விட்டுப்போகாது. எப்போது எது செய்யப்பட்டது என்று பதிவும் கிடைக்கும்.

4. பார்க்கும் வேலைகளை முதலில் எந்திரத்திடம் கொடுங்கள். வட்டின் அளவைப் பார்ப்பதால் எதுவும் கெடாது.

5. மாற்றும் வேலைகளைப் பின்னர் கொடுங்கள். முன்சோதனை, பின்சோதனை, எல்லைக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் இல்லாமல் கொடுக்காதீர்கள். உண்மையில் செய்யாமல், 'செய்தால் இன்னது நடக்கும்' என்று மட்டும் காட்டும் ஒத்திகை வசதியும் வேண்டும்.

6. திரும்பப் பெற முடியாத வேலைகளில், வெறும் 'சரி' போதாது. சர்வரின் பெயரை மனிதரே முழுவதுமாகத் தட்டினால்தான் கதவு திறக்க வேண்டும். கைக்குக் கொஞ்சம் வேலை கொடுத்தால் மூளை விழித்துக்கொள்ளும்.

7. பழுது இல்லாத நல்ல நாளில், பகல் வெளிச்சத்தில், ஒத்திகைச் சர்வரில் ஏட்டை ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லையானால் அன்றே திருத்துங்கள்.

ஏழாவது படிதான் என் கட்சிக்கு ஆணிவேர். சர்வரின் பெயர் மாறும்; கோப்பின் இடம் மாறும்; பழைய நிரல் போய்ப் புதியது வரும். காகித ஏட்டுக்கு இவை தெரியாது. அது சென்ற ஆண்டு உலகத்தையே வருணித்துக்கொண்டிருக்கும். யாரும் புண்படாமல் அந்தப் பொய் அலமாரியில் தூங்கும். விபத்து நாளில்தான் வெளிப்படும். இயங்கும் ஏடோ, ஓட்டிப் பார்த்த அன்றே 'இந்தக் கோப்பு இல்லை' என்று கூவிவிடும்.

ஏடு எங்கே இருக்க வேண்டும்?

இன்னும் ஓர் எச்சரிக்கை. 2021 அக்டோபர் 4 அன்று, பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகெங்கும் ஆறு மணி நேரம் போல நின்றுபோயின. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் கணிப்பொறி நிலையங்களை இணைக்கும் முதுகெலும்பான வலையையே துண்டித்துவிட்டது. இத்தகைய கட்டளைகளைத் தணிக்கை செய்து தடுக்க ஒரு கருவி இருந்தது. அந்தக் கருவியிலேயே பிழை இருந்ததால் தடுக்கவில்லை. பழுதைக் கண்டறிய அவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் உள் கருவிகள் பலவும் அதே வலையை நம்பியிருந்ததால் அவையும் விழுந்தன. பொறியாளர்கள் நேரில் நிலையங்களுக்குச் செல்ல வேண்டியதாயிற்று. முன்னே சொன்ன அமேசான் பழுதிலும், சேவையின் நிலையைக் காட்டும் அறிவிப்புப் பலகையே எஸ்-3 கிடங்கை நம்பியிருந்ததால் அதை உடனே மாற்ற இயலவில்லை.

தீயணைக்கும் வாளியைத் தீப்பிடிக்கும் அறைக்குள் பூட்டி வைக்கலாமா? இயங்கும் ஏடு, அது காக்க வேண்டிய அமைப்புக்கு வெளியே இருக்க வேண்டும். அதன் அச்சுப் பிரதி ஒன்றும் இருக்கட்டும். எந்திரம் முழுவதும் விழுந்த நாளில் 'ஏன்' என்ற வரிகளாவது மனிதருக்கு வழி காட்டும். தடுக்கும் கருவியையும் சோதிக்க வேண்டும் என்பது இதிலுள்ள இன்னொரு பாடம்.

யார்மேல் பழி?

கடைசியாக, நான் முக்கியமென்று கருதும் ஒன்று. விபத்து நடந்தால் 'யார் தட்டியது?' என்று கேட்பது நம் வழக்கம். அந்த இரவில் பணியில் இருந்த இளைஞரைப் பிடித்து நிறுத்திவிட்டால் விசாரணை முடிந்ததாக எண்ணுகிறோம். ஆனால் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் கையில் ஒரே எழுத்துப் பிழையால் எல்லாம் அழியக்கூடிய கட்டளையைக் கொடுத்தது யார்? 'நீ முதன்மையா, துணையா?' என்று கேட்காத கருவியைச் செய்தது யார்? பழியைத் தூக்கி ஒருவர் தலையில் வைத்தால், அடுத்த முறை அதே குழியில் வேறொருவர் விழுவார். பாடத்தை ஏட்டில் ஒரு முன்சோதனையாகச் சேர்த்தால், அந்தக் குழி மூடப்படும். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஏடு ஒரு வரியாவது வளர வேண்டும். இயங்கும் ஏடு என்பது ஒருவர் பட்ட அனுபவத்தை, அவரை அறியாத இன்னொருவருக்குப் பாதுகாப்பாக மாற்றும் வழி.

உங்களில் பலர் நாளை இத்தகைய குழுக்களில் பணிபுரியலாம். அதற்காக அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையை மாலையில் மூடும் முறையை இன்றே எழுதுங்கள். எந்த வரிசையில் எதை அணைப்பது? அணைத்ததை எப்படிச் சோதிப்பது? எந்தப் படியில் ஆசிரியரைக் கேட்காமல் மேலே போகக் கூடாது? எழுதி, அந்த வேலையே தெரியாத ஒரு நண்பரிடம் கொடுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று, அவர் எத்தனை இடத்தில் நின்று விழிக்கிறார் என்று எண்ணுங்கள். பிறகு அந்தப் படிகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டும் சிறு நிரலை எழுதிப் பாருங்கள்.

முதல் முறை எண்ணிக்கை கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். வருந்தாமல் திருத்துங்கள்; அடுத்த வாரம் வேறொரு நண்பரிடம் கொடுங்கள்.